ஆர்டீலியா வண்டிவீட்டை நிறுத்திய இடங்கள்

ஆர்டீலியா டக்கிளுக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராது. மேக்கன் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஸ் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் காரணம் தெரியும். பிள்ளைகள் ஏறி இறங்குகிற வண்டி. பின்சக்கரத்துப் பக்கம் எந்தக் குழந்தை குனிந்து பென்சில் பொறுக்கிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள்: ரிவர்ஸ் கியரை மறந்துவிடு, சுற்றிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, எந்தத் தெருவில் நுழைந்தாலும் மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். ஆர்டீலியா அந்தப் பேச்சைக் கடைசி நாள் வரை தட்டவில்லை.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஒரு வண்டிவீடு வாங்கினாள். முன்பக்கம் பார்த்தால் லாரி. பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒருக்களித்து நின்றால் குளிக்கலாம் என்ற அளவில் ஒரு குளியலறை. மேக்கன் வீட்டில் நாலு அறைகள் இருந்தன. அதில் மூன்றுக்குள் அவள் மாதக்கணக்காகக் கால் வைக்கவில்லை. மகள் ரெனீட்டா தன் குடும்பத்தோடு வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் இருந்தாள். "தனியா ரோட்டுல சுத்தப் போறியா?" என்று கேட்டாள். "தனியா வீட்டுல சுத்தறதை ரோட்டுல சுத்தறேன்" என்றாள் ஆர்டீலியா.

அப்படியே அலபாமா கடற்கரை, டென்னசி மலை என்று இரண்டு வருஷம் போயிற்று. வண்டிவீடுகள் தங்கும் ஆர்.வி. பார்க்குகளில், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற இடம் இருந்தால்தான் தங்குவாள். மற்ற இடங்களில் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் நிறுத்தவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் நின்று கை காட்டுகிறவர் ஒருவர். சாயங்காலம் ஆனால் பார்க்குகளில் இதுதான் வேடிக்கை. கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான், மனைவி பின்னால் நின்று கத்துவாள். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்... நிறுத்து! நிறுத்துன்னேனே, காதுல என்ன வச்சிருக்கே!" ஆர்டீலியா மடக்கு நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்து பார்ப்பாள். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அந்த வருஷம் மார்ச் மாதம் அட்லாண்டாவிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். முதியவர்களையும் நோயாளிகளையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"லூஷியஸ் பீஸ்லின்னு ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ஒரு காலத்துல தெரியும்" என்றாள் ஆர்டீலியா.

லூஷியஸ் கொத்தனார். அவன் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கவேண்டியதில்லை என்பார்கள். அட்லாண்டாவில் ஒலிம்பிக் வரப்போகிறது, ஊரெல்லாம் கட்டிடம் எழும்புகிறது என்று மேக்கனிலிருந்து கொத்தனார்கள் கும்பலாகக் கிளம்பிய காலத்தில் அவனும் கிளம்பினான். திங்கட்கிழமை போவான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவான். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தான். பிறகு அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொன்னான். ஒலிம்பிக் வந்து, முடிந்து, ஆட்டக்காரர்கள் எல்லாம் அவரவர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லூஷியஸ் வரவில்லை. வக்கீல் காகிதம் வந்தது. சண்டை கிடையாது, அடிதடி கிடையாது, இன்னொரு பெண்ணின் பேர்கூட அவள் காதுக்கு எட்டவில்லை. ரெனீட்டாவுக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் அந்தப் பழக்கத்தை விட ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது அவனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. சொந்தம் என்று யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான், மேக்கனில் ஒரு மனைவி இருந்ததாகவும் அவள் பஸ் ஓட்டியதாகவும் சொல்லியிருக்கிறார். பஸ் டிப்போவில் விசாரித்து நம்பரைப் பிடித்திருக்கிறார்கள்.

ரெனீட்டாவிடம் போனில் சொன்னாள். அவள் வெடித்தாள்.

"அந்தாளுக்காகவா? உனக்கு மூளை கழண்டு போச்சாம்மா?"

"ஒரு தடவை பாத்துட்டு வரேன். அவ்வளவுதான்."

"பாக்கணும்னா போன்ல போட்டோ அனுப்பச் சொல்லு. பாத்துக்கோ."

"ரெனீட்டா."

"நீ போறதுல எனக்கு ஒண்ணுமில்ல. என்னை வான்னு கூப்பிடாதே. அதை மட்டும் செய்யாதே."

ஏப்ரலில் ஒரு மதியம் ஆர்டீலியா போனாள். அட்லாண்டாவின் தெற்கு ஓரத்தில் இருந்தது அந்த இல்லம். ஜன்னல் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆறடிக்கு மேல் இருந்த மனிதன் பாதியாகச் சுருங்கியிருந்தான். வலது கை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடிமேல் கிடந்தது. அவளைப் பார்த்ததும் இடது பக்க முகம் மட்டும் சிரித்தது.

"என்னைத் தெரியுதா?"

"சரி சரி" என்றான்.

"ஆர்டீலியா. மேக்கன்ல இருந்து வரேன்."

"சரி. சரி சரி சரி."

அவனைப் பார்த்துக்கொள்கிறவர் டெஸ்டா என்ற எத்தியோப்பியர். நல்ல உயரம், மெல்லிய பேச்சு. அவர்தான் விளக்கினார். "பேச்சு இருக்கற இடத்துல அடி பட்டிருக்கு மிஸ் ஆர்டீலியா. உள்ள எதை நினைச்சாலும் வெளிய வர்றது இந்த ஒரு வார்த்தைதான். கோபம் வந்தாலும் சரி, பசிச்சாலும் சரி, 'சரி'தான்."

"அப்ப நான் எதைக் கேட்டாலும் சரிம்பானா?"

"ஆமா. நல்ல புருஷன்" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல. கூட இருந்த காலத்துல சொல்லியிருந்தா பிரயோஜனமா இருந்திருக்கும்."

அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வெறும் இருக்கைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, உரக்கவே கேட்டிருக்கிறாள். பதில் சொல்லவேண்டியவன் கடைசியில் எதிரே உட்கார்ந்திருந்தான், ஒற்றை வார்த்தையோடு. அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கிளம்பும்போது அவன் இடது கையால் அவள் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டான். டெஸ்டா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

மறுநாள் பெரிய மளிகைக் கடை ஒன்றின் வாகன நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டு, தங்குவதற்கு ஒரு பார்க் தேடி அவள் போனில் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று மட்டும்தான் நினைத்தாள்.

முதலில் பேசிய இடத்தில் குரலெல்லாம் தேனாக இருந்தது. வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்டதும் தேன் வற்றிவிட்டது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அங்கே சேர்ப்பதில்லையாம். அடுத்த இடத்தில், இடம் இருக்கிறது, தாராளமாக வாருங்கள் என்றார்கள். போய் நின்றாள். அலுவலக ஜன்னலுக்குள்ளிருந்த ஆள் அவளை ஒரு தடவை பார்த்தான், வண்டியைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான். "அடடா, கடைசி இடம் இப்பத்தான் போச்சு" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் நாலைந்து இடங்களில் புல் மண்டிக் கிடந்தது. ஆர்டீலியா வாதாடவில்லை. தன் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் இப்பத்தான் தீர்ந்துபோகிற சாமான்களைச் சின்ன வயதிலிருந்தே அவள் பார்த்து வருகிறாள். ஜன்னலுக்கு நேராக ஒரு முழு வட்டம் அடித்து, அவன் போட்டிருந்த சரளைக்கல்லைக் கொஞ்சம் கிளப்பிவிட்டு வெளியேறினாள்.

கூப்பிடாதே என்ற ரெனீட்டா, அன்று மாலை தானே கூப்பிட்டாள். "ஸ்டோன் மவுன்டன்ல ஏரிக்கரையில ஒரு இடம் இருக்கு. போட்டோ பாத்தேன். பக்கம்தான், அழகா இருக்கு."

"அங்கயா? அடிமைகளை வச்சுக்கறதுக்காகச் சண்டை போட்ட மூணு பேரை மலை முழுக்கக் குதிரை மேல செதுக்கி வச்சிருக்கானுங்களே, அவனுங்க பாத்துக்கிட்டிருக்க நான் என் உள்பாவாடையைக் காயப்போடவா?"

அந்த வாரத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் அவள் பிடித்தது தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்த ஒரு பார்க். ஹெரன் பாயின்ட் என்று பேர். ஏரி இருந்தது, பைன் மரங்கள் இருந்தன, விடிந்தால் வாத்துகள் படி வரைக்கும் வந்தன. நேராக நுழைந்து நேராக வெளியேறுகிற இடமும் கிடைத்தது. இத்தனை காரணங்கள் போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. இவ்வளவு தூரத்தில் தங்கினால், ஏன் தினமும் வரவில்லை என்று யாரும் கேட்க முடியாது.

அவளிடம் தனியாகக் கார் கிடையாது. அதனால் லூஷியஸைப் பார்க்கப் போகும் நாளெல்லாம் வீட்டையே கிளப்பிக்கொண்டு போகவேண்டியிருந்தது. காலையில் எழுந்து தண்ணீர்க் குழாயைக் கழற்றவேண்டும். கரண்ட் வயரைச் சுற்றவேண்டும். கழிவுக் குழாயைக் கையுறை போட்டுப் பிடுங்கி அலசவேண்டும். தட்டு முட்டெல்லாம் உருளாமல் அடைக்கவேண்டும். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி, இல்லத்தின் வாகன நிறுத்தத்தில் ஆறு கார் நிற்கிற அகலத்துக்குக் குறுக்கே நிறுத்தவேண்டும். வாரம் ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தாள். மே மாதத்தில் இரண்டு தடவை ஆயிற்று. ஜூனில் அவள் கணக்கு வைப்பதை விட்டுவிட்டாள்.

போய் என்ன செய்வாள்? அவித்த வேர்க்கடலையை உரித்து அவன் இடது கையில் வைப்பாள். அவன் சட்டைப் பித்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள். ரெனீட்டாவின் கல்யாணம், வேலை, வீடு எல்லாவற்றையும் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொல்வாள். "சரி சரி" என்று கேட்டுக்கொள்வான். சில 'சரி'யில் கேள்வி இருந்தது. சிலதில் ஒன்றுமே இல்லை.

ஹெரன் பாயின்ட்டில் எல்லாரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். மரத்தடிக்கு மரத்தடி இரண்டு நாற்காலி. பக்கத்து வண்டியில் கார்லீன் என்று ஓஹையோக்காரி ஒருத்தி கணவனோடு தங்கியிருந்தாள். வந்த வாரத்திலேயே பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தட்டில் எடுத்து வந்து, "உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரா?" என்று கேட்டாள்.

"டவுன்ல இருக்கார். உடம்பு சரியில்ல" என்று ஆர்டீலியாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அது வந்ததோடு நிற்கவில்லை. கார்லீன் தினமும் விசாரித்தாள். கைப்பிடித்துப் பிரார்த்தனை செய்தாள். ஆர்டீலியாவுக்கு அது பிடித்தும் இருந்தது. சாயங்காலத்தில் தன்னைத் தேடி ஒருத்தி வருவது அவளுக்குப் புதிது. ஜூன் கடைசியில் ஒரு நாள் கார்லீன் ஐஸ் டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணு. எனக்கு ஒண்ணு புரியல. புருஷன் அங்க படுத்துக் கெடக்கறப்ப இவ்வளவு தூரத்துல எதுக்கு வந்து தங்கியிருக்கீங்க?"

"அவன் எனக்குப் புருஷன் இல்ல" என்றாள் ஆர்டீலியா. "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி விட்டுட்டுப் போனவன்."

கார்லீன் கண்ணாடி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஓ" என்றாள். "அப்படியா." அப்புறம் வாத்துகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். அதற்குப் பிறகு அவள் கையை மட்டும் ஆட்டினாள், பக்கத்தில் வரவில்லை. இத்தனை பிரார்த்தனையையும் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, நெடுஞ்சாலையில் எங்கேயோ ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் நின்றுபோயின. வண்டிவீட்டின் ஏசி அன்றைக்கென்று உயிரை விட்டது. எஞ்சின் சூடாகி, ஓரம் கட்டி, ஆறவைத்து, மறுபடி கிளப்பி, இல்லத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. லூஷியஸ் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.

"ஜன்னல் பக்கமே இருந்தார்" என்றார் டெஸ்டா. "காலையில இருந்து. சாப்பிடவும் நகரல. மத்தவங்க உங்க வண்டியைக் கப்பல்னு சொல்லுவாங்க தெரியுமா? கப்பல் வருதா கப்பல் வருதான்னு இவரைச் சீண்டிக்கிட்டே இருந்தாங்க. எழுந்து நின்னு பாக்கணும்னு நினைச்சிருக்கார். விழுந்துட்டார். பெரிசா ஒண்ணுமில்ல."

ஆர்டீலியாவுக்குக் கோபம் வந்தது. அவன்மேலா, தன்மேலா, கவிழ்ந்த லாரிமேலா என்று தெரியவில்லை. "காத்துக்கிட்டிருந்தானாக்கும்" என்றாள். "என் பொண்ணு ஒரு வருஷம் படியில உக்காந்திருந்தா. ஒரு நாள் காத்திருந்ததுக்கு இவனுக்குப் பிளாஸ்திரி வேற." சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் போய் நின்று அழுதாள். டெஸ்டா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவள் இடத்தை மாற்றினாள். இல்லத்துக்குப் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு பார்க் இருந்தது. முதலிலிருந்தே அது அவளுக்குத் தெரியும். டயர் கடைக்கும் கிடங்குக்கும் நடுவில், மரம் என்று பேருக்கு இரண்டு நிற்க, விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள் தலையைத் தடவிக்கொண்டு போகிற இடம். தங்கியிருந்தவர்கள் எல்லாம் கூரை வேலைக்காரர்கள், சரக்கு ஏற்றுகிறவர்கள். பகலில் ஆள் இருக்காது, இருந்தாலும் தூங்குவார்கள். அதை நடத்துகிறவள் ட்வைலா ஸ்டான்சில் என்ற வெள்ளைக்காரக் கிழவி. வாயில் சிகரெட், கையில் சாவிக் கொத்து.

"ஹெரன் பாயின்ட்ல இருந்தா இங்க வரீங்க?" என்றாள். "இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவங்களை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல தங்கம். எல்லாரும் வந்து விழறவங்கதான்."

"நான் தேர்ந்தெடுத்துதான் வந்தேன்."

"அப்ப உங்களுக்குக் காது கேக்காது, இல்லாட்டி யார் மேலயோ பிரியம். ஒரே ஒரு இடம்தான் இருக்கு. பின்னால எடுத்து விடணும். முடியுமா?"

"முடியும்" என்றாள் ஆர்டீலியா.

ட்வைலா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டாள். இடது பக்கம் கரண்ட் கம்பம். வலது பக்கம் ஒரு நீள டிரெய்லர். அதன் ஜன்னல்களில் வெளிச்சம் நுழையாமல் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவர் யாரோ உள்ளே தூங்கிக்கொண்டிருக்கவேண்டும். ஆர்டீலியா ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஒரு முழம் நகர்த்தினாள். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஏறி இன்னொரு முழம். இறங்கினாள், பார்த்தாள், ஏறினாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டியின் பின்பக்கத்தில் நின்று பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிந்தது. இருக்கைக்குத் திரும்பி வருவதற்குள் பார்த்தது மறந்துபோயிற்று. இடம், வலம் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே என்னமோ போலிருந்ததால் நிறுத்திவிட்டாள். எங்கேயாவது ஒரு கதவு திறக்கும், யாராவது வந்து கையைக் காட்டுவார்கள் என்று ஒரு நேரம் வரைக்கும் எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. கடைசித் தடவையில் கம்பம் பின்விளக்கைத் தட்டியது. சிவப்புக் கண்ணாடி சரளைமேல் சிதறிற்று. வண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது.

படியில் உட்கார்ந்து, காலையில் மிஞ்சிய சோளரொட்டியைத் தின்றாள். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல்களில் முகங்கள் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு தாழ்வாகப் பறந்தது அது.

அதற்குப் பிறகு தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். பயணியாக உட்கார்ந்து போவது அவளுக்குப் பழக்கமே இல்லை. சிவப்பு விளக்கு வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். லூஷியஸுக்கு அவளே சவரம் செய்தாள், நகம் வெட்டினாள். ட்வைலா இரண்டொரு தடவை வாசலில் நின்று ஊர் வம்பு பேசிவிட்டுப் போனதைத் தவிர, பார்க்கில் அவளோடு யாரும் பேசவில்லை. வெள்ளித்தாள் ஜன்னல்காரரை அவள் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை. அவர் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் பழகிப்போயிற்று.

செப்டம்பரில் ஒரு நாள், சவரம் பாதியில் இருக்கும்போது, அவள் கேட்டுவிட்டாள். கேட்கவேண்டும் என்று நினைத்து வந்த நாள்கூட இல்லை அது. ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது.

"ஏன் போனே, லூஷியஸ்?"

அவன் அவளைப் பார்த்தான்.

"நான் என்ன செஞ்சேன்? இல்ல, நான் ஒண்ணும் செய்யலையா? எது சொன்னாலும் கேட்டுக்கறேன். சண்டைக்கு வரல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"சரி" என்றான். பிறகு வாயைத் திறந்து, மூடி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, "ச... ச... சரி. சரி!" என்றான். இடது கையை நாற்காலிக் கையில் அடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நுரையில் இறங்கியது.

அது தன் கேள்விக்கான அழுகை என்று நம்பத்தான் அவளும் ஆசைப்பட்டாள். ஆனால் பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமலும் அழுவார்கள், டீவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் அழுவார்கள் என்று டெஸ்டா முன்பே சொல்லியிருந்தார். எந்த அழுகை இது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனாலும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். மீதிக் கன்னத்தைச் சிரைத்து, துண்டால் துடைத்துவிட்டாள். "போகட்டும்" என்றாள். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நிற்காமல் பார்க் வரைக்கும் நடந்தே போனாள்.

மறுநாளும் போனாள்.

நவம்பரில் ஒரு காலை அவன் போய்விட்டான். அவள் பஸ்ஸைப் பிடித்துப் போவதற்குள் கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அவன் சாமான்களை ஒரு மளிகைப் பையில் போட்டுக் கொடுத்தார் டெஸ்டா. மூன்று சட்டை, ஒரு ரேடியோ, சவர டப்பா, நல்ல ஷூ ஒரு ஜோடி. வேறொன்றுமில்லை. ஷூவுக்குள் கைவிட்டுக்கூடப் பார்த்தாள். பழைய காலுறைதான் இருந்தது.

அடக்கத்துக்கு ரெனீட்டா வந்தாள். வருவாள் என்று ஆர்டீலியா நினைக்கவில்லை. கேட்கவும் இல்லை. கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு வயதான கொத்தனார்கள் வந்திருந்தார்கள். மழைத் தூறலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எந்தெந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர், எந்தெந்தச் சர்ச்சுச் சுவர் அவன் கட்டியது என்று சொன்னார்கள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவானா?" என்று கேட்டாள் ஆர்டீலியா.

ஒருவர் யோசித்தார். "அதிகம் பேசற ஆளு இல்லம்மா. மேக்கன்ல பஸ் ஓட்டறான்னு சொல்லுவான். ஒரு நாள்கூட எதுலயும் இடிச்சதில்லன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் ரெனீட்டா வண்டிவீட்டில் உட்கார்ந்திருந்தாள். பட்டாணியும் சோறும் வெந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு விமானத்துக்கும் அவள் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. "எப்படிம்மா இங்க இருந்தே?" என்றாள்.

"பழகிடுது."

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள். "என்னைப் பத்தி... அவருக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

ஆர்டீலியாவுக்கு ஒரு பொய் சொல்ல ஆசையாக இருந்தது. நல்ல பொய்யாக, ஆயுசுக்கும் வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்று. "உன் பேரைச் சொன்னா என்னைப் பாக்கறதை விட்டுட்டு ஜன்னலைப் பாப்பான்" என்றாள். "எல்லாத் தடவையும். அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

ரெனீட்டா தலையை ஆட்டினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அந்தச் சின்னக் குளியலறைக்குள் போனவள் வெகு நேரம் தண்ணீரைத் திறந்தே வைத்திருந்தாள். மறுநாள் வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்டீலியா ட்வைலாவின் பார்க்கிலேயே இருந்தாள். தங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை. கிளம்புவதற்கும் இல்லை. இல்லத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் இரண்டு தடவை ஏறி, நிறுத்தம் வந்ததும் இறங்காமல் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

மார்ச்சில் ரெனீட்டா போன் செய்தாள். "எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பார்க் பாத்திருக்கேன். இருபது நிமிஷம்தான். மரமெல்லாம் இருக்கு. நேரா உள்ள போய் நேரா வெளிய வரலாம், கேட்டுட்டேன்."

இருபது நிமிஷம். கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாமல் வந்து நிற்க முடியாது. மகள் அந்த தூரத்தை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று ஆர்டீலியாவுக்குத் தெரிந்தது. தப்பாக நினைக்கவில்லை. "நல்லா இருக்கும் போலிருக்கே" என்றாள்.

சார்லட்டில் இடம் ரெனீட்டா சொன்ன மாதிரியே இருந்தது. சுத்தமான சரளை, ஓக் மரம், துணி துவைக்கத் தனிக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் ரெனீட்டா வருவாள். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருவாள். இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகளின் படிப்பு, மேலதிகாரியின் அட்டகாசம், முட்டி வலி என்று பேச்சு ஓடும். சில சமயம் சிரிப்பும் வரும். அப்புறம் ரெனீட்டா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள்.

"அடுத்த வாரம் முடியாதுன்னு நினைக்கிறேம்மா. பசங்களுக்கு மேட்ச் இருக்கு."

"அதனால என்ன. வேலையைப் பாரு."

கார் கொட்டகையைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் ஆர்டீலியா கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு இரண்டாவது நாற்காலியை மடக்கி வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, மிச்ச சாலட்டை மூடிவைக்க உள்ளே போவாள்.